ரோட்டோ வேலைக்கு ஷோரீல் தயாரித்தபோது

வி.எஃப்.எக்ஸ் (சினிமாவுக்கான காட்சி விளைவுகள்) கோர்ஸ் முடிந்ததும் சான்றிதழோடு ஒரு ஷோரீலையும், அதாவது வேலை கேட்கும்போது காட்டுகிற மாதிரி வீடியோவையும், கையில் கொடுத்து அனுப்பினார்கள். சிக்கல் அந்த ரீலில்தான். எங்கள் பேட்ச்சில் எல்லாருக்கும் அதே பச்சைத் திரை, அதே பெண், அதே கார். சீனியர் ஒருவரின் ரீலைத் தேடிப் பிடித்துப் பார்த்தால் அதிலும் அவளேதான் நடந்து வருகிறாள். ஸ்டுடியோவில் ரீல் பார்க்கிறவருக்கு அவள் சொந்தக்காரப் பெண் மாதிரி ஆகியிருப்பாள். சரி, புதிதாகவே ஒன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நேரமும் அவ்வளவு நல்லதாக இல்லை. 2023-ல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்ததில் இங்கே ஸ்டுடியோக்களுக்கு வரும் ஷாட்டுகள் குறைந்தன. 2025 பிப்ரவரியில் பெரிய வி.எஃப்.எக்ஸ் நிறுவனமான டெக்னிகலர் மூடப்பட்டபோது அனுபவம் உள்ளவர்களே பயோடேட்டாவோடு வரிசையில் நின்றார்கள். ஃப்ரெஷருக்கு ரீலைத் தவிர காட்ட வேறு எதுவும் கிடையாது.

வி.எஃப்.எக்ஸ் படிக்க வருகிற எல்லாருக்கும் டிராகன் பறக்கவிடத்தான் ஆசை. ஆனால் நம் ஊரில் புதியவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரோட்டோ, ப்ரெப், மேட்ச்மூவ் வேலைகள்தான். ஆளைப் பின்னணியிலிருந்து கோடு போட்டுப் பிரித்தெடுப்பது ரோட்டோ. பிளேட்டில் (கேமராவில் எடுத்த மூல ஷாட்டில்) இருக்கக் கூடாத கம்பி, மார்க்கர், மைக் ஆகியவற்றை அழிப்பது ப்ரெப். கேமரா நகர்ந்த விதத்தை 3டி-யில் அப்படியே கண்டுபிடித்துக் கொண்டுவருவது மேட்ச்மூவ். கொஞ்சம் 3டி, கொஞ்சம் எடிட்டிங், கொஞ்சம் மோஷன் கிராஃபிக்ஸ் என்று கதம்பமாகக் கட்டிய ரீலைப் பார்க்கிறவருக்கு, இவரை எங்கே உட்காரவைப்பது என்றே தெரியாது. நான் ரோட்டோவையும் ப்ரெப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஃபுட்டேஜுக்கு இரண்டு வழி. பிளெண்டர் ஃபவுண்டேஷன் 2012-ல் எடுத்த ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ குறும்படத்தின் மூல ஷாட்டுகளை, யாருடையவை என்று குறிப்பிட்டுவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதிலிருந்து ஒன்று எடுத்தேன். மற்றவற்றை நானே போனில் எடுத்தேன். போனில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஃபிரேம் ரேட். சாதாரண கேமரா ஆப்பில் அது நிலையாக இருக்காது. நடுவில் ஏறி இறங்கும். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், 24 ஃபிரேம் எல்லாவற்றையும் பூட்டி வைக்கிற ஆப்பில் எடுத்து, வீடியோவை இமேஜ் சீக்வென்ஸாக (ஃபிரேமுக்கு ஒரு படமாக) மாற்றிய பிறகுதான் நியூக் என்கிற வி.எஃப்.எக்ஸ் மென்பொருளில் ஏற்றினேன். நியூக்கின் நான்-கமர்ஷியல் பதிப்பு இலவசம், அவுட்புட் ஹெச்.டி.யைத் தாண்டாது. ரீலுக்கு அது போதும்.

முக்கியமான ஷாட், மாடியில் காற்றடிக்கும்போது அத்தை மகள் நடந்து வந்து, தலையில் இருக்கும் மல்லிகைச் சரத்தைச் சரிசெய்வது. வேண்டுமென்றே வம்பை விலைக்கு வாங்கினேன். முடி, பூ, விரல், முந்தானை என்று ரோட்டோவில் கஷ்டமானதெல்லாம் அதில் இருந்தது. முழு உடம்புக்கும் ஒரே ஷேப் (ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்ட வடிவம்) போட்டால் கதை முடிந்தது. தலை, கழுத்து, மேற்கை, முன்கை, ஒவ்வொரு விரல் என்று தனித்தனி ஷேப். அசைவு எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் முதலில் கீ, அதாவது அந்த ஃபிரேமில் ஷேப்பைக் கையால் பொருத்தி வைப்பது. அப்புறம் நடுவே தேவைப்படும் இடங்களில். ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ போட்டால் விளிம்பு நடுங்கும். ‘எட்ஜ் சேட்டர்’ என்று டீம் லீட் திருப்பி அனுப்புவது இதைத்தான். கை வேகமாகப் போகிற ஃபிரேம்களில் மங்கலின் வெளி ஓரத்தில் கோடு போடாமல் அதன் நடுவில் போட்டு, மோஷன் பிளரை ஆன் செய்ய வேண்டும். பறக்கிற முடியிழைகளுக்கு ஓபன் ஸ்ப்லைன் (இரு முனையும் சேராத கோடு). பூச்சரத்தின் ஓரம்தான் உயிரை வாங்கியது: இதழ் இதழாகவும் போட முடியாது, மொத்தமாகப் போட்டால் அட்டையில் வெட்டி ஒட்டியது போல் இருக்கும். வெளியே துருத்தி நிற்கும் மொட்டுகளுக்கு மட்டும் தனி ஷேப் கொடுத்துச் சமாளித்தேன்.

ப்ரெப்புக்கு எங்கள் தெருவே போதுமானதாக இருந்தது. குறுக்கே ஓடும் கேபிள் ஒயர்களை அழித்தேன். வானத்தின் மீது போனது சுலபம், வேப்பமரத்தின் மீது போனதுதான் வேலை. ஒட்டுப்போட்ட இடத்தில் கிரெயின் (படத்தில் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும் பொடிப்புள்ளிகள்) சேர்க்காவிட்டால் அது மட்டும் உறைந்துபோய்த் தெரியும். காமாவை (நடுத்தர வெளிச்சத்தை) ஏற்றிப் பார்த்தால் உடனே மாட்டிக்கொள்வோம். பார்க்கிறவர் அதைத்தான் முதலில் செய்வார்.

ரீல் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். பாட்டு கிடையாது. பெயரும் தொடர்பு விவரமும் சில வினாடி, உடனே மல்லிகை ஷாட்: ஒரிஜினல், ஷேப்புகள், மேட் (பிரித்தெடுத்த உருவத்தின் கறுப்பு வெள்ளை வடிவம்), வேறு பின்னணியில் வைத்த முடிவு. எந்த ஷாட்டில் நான் என்ன செய்தேன், ஃபுட்டேஜ் யாருடையது என்று ஒரு பக்க ஷாட் லிஸ்ட்டும் இணைத்தேன்.

பல இடங்களிலிருந்து பதிலே இல்லை. கூப்பிட்ட இடத்தில் லீட் ரீலை ஓடவிடவில்லை. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினார். விரல் பூவைத் தொடும் இடத்தில் நிறுத்தி, “இங்க எத்தனை ஷேப்? ஸ்கிரிப்ட் இருக்கா?” என்றார். ஸ்கிரிப்ட் என்றால் நியூக் ஃபைல். லேப்டாப்பில் திறந்து காட்டினேன். ஷேப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அங்கேயே ஒரு டெஸ்ட் ஷாட் கொடுத்தார்கள்.

ரோட்டோ டிரெய்னியாகச் சேர்ந்துவிட்டேன். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இப்போது செய்கிற ஷாட்டுகளை, படம் வெளியாகி நிறுவனம் அனுமதி தரும்வரை ரீலில் சேர்க்கவும் முடியாது. அதனால் காம்ப்புக்கான (தனித்தனிப் படங்களை ஒன்றாகச் சேர்க்கும் காம்போசிட்டிங் வேலைக்கான) அடுத்த ரீலுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானேதான் போனைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.