கதவைத் திறந்ததாக எழுதியிருக்கிறதா?

தேவனஹள்ளிப் பக்கம் விமான உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். இது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், அவ்வளவு மெல்லிய தகட்டை நம்பி எப்படி ஏறுவது என்று. தகடு மெலிசுதான், சின்ன ஜெட் விமானங்களின் உடம்பில் சில இடங்களில் 1 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். ஆனால் எனக்கு அதில் பயமே கிடையாது. பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும் என்பது விதி. போயிங் 777-இன் இறக்கையை 1995-இல் வேண்டுமென்றே வளைத்து ஒடித்துப் பார்த்தார்கள், அது அந்த அதிகபட்சச் சுமையில் 154 சதவீதம் வரை தாக்குப்பிடித்தது.

என் கவலையெல்லாம் ஆட்களையும் அவர்கள் எழுதும் தாளையும் பற்றித்தான். தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டை அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ரிவெட் கன் என்ற கருவியால் அடிப்பார், இந்தப் பக்கம் இன்னொருவர் ரிவெட்டின் அடி நசுங்கி விரிய இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்திருப்பார். பெரும்பாலும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது, அதனால் இன்னும் அடிக்க வேண்டும் என்றால் தகட்டில் ஒரு தட்டு, சரி என்றால் இரண்டு தட்டு. ரிவெட்டின் அடி அதன் தண்டைப் போல ஒன்றரை மடங்கு அகலத்துக்கு விரிந்திருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் நான் முத்திரை குத்துவேன். முத்திரையில் என் எண் இருக்கிறது, எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

2024 ஜனவரி 5 அன்று போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் 9-இல், கதவுக்கான துளையை அடைத்திருந்த பலகை சுமார் 15,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. போயிங்கின் ரென்டன் தொழிற்சாலையில் பக்கத்து ரிவெட்களைச் சரிசெய்ய அந்தப் பலகையைத் திறந்தார்கள், வேலை முடிந்து மூடினார்கள், பிடித்து வைக்கும் 4 போல்ட்களை மட்டும் போடவில்லை. திறந்ததற்கே பதிவு இல்லை. பதிவே இல்லாதபோது, மூடியதைப் பரிசோதிக்க யார் வருவார்கள்?

எங்களிடம் தர்மபுரிப் பையன் ஒருவன் இருக்கிறான். ஒருநாள் தானாகவே வந்து, “அண்ணா, டிரில் சறுக்கிடுச்சு, ஓட்டை கொஞ்சம் பெருசாயிடுச்சு” என்றான். ரிவெட் அடித்துப் பூச்சும் போட்டுவிட்டால் ஒருத்தர் கண்ணுக்கும் படாது, இருந்தும் வந்து சொன்னான். முறைப்படி எழுதி அனுப்பினோம், வடிவமைப்புப் பிரிவு பார்த்துவிட்டு அடுத்த அளவு ரிவெட் போடலாம் என்றது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மாதக் கடைசி, லாரி வாசலில் நிற்கிறது என்று சூப்பர்வைசர் அவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தித் திட்டித் தீர்த்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த முறை அவன் வாயைத் திறப்பானா, சரி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள்தான் திறப்பார்களா?

தவறைத் தானாக வந்து சொல்பவரைத் திட்டக் கூடாது என்பதை வேலை விதியிலேயே சேர்க்கச் சொல்லி மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை, அடுத்த தரக் கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன்.