முதலில் எது நகர்ந்தது?

ஒரு ஏ4 தாள், 20 செ.மீ. இடைவெளி விட்டு வைத்த இரண்டு புத்தக அடுக்குகள், ஒரு காகிதக் கோப்பை, ஒரே அளவு இரும்பு நட்டுகள். பொறியியல் சிந்தனையைப் பிள்ளைகளுக்குத் தொடங்கிவைக்க இதற்கு மேல் தேவையில்லை. தாளை இரண்டு அடுக்குகளுக்கும் இடையே பாலமாக வைத்து, நடுவில் கோப்பையை வைத்து, அது விழும்வரை நட்டுகளைப் போட வேண்டும். ரோபோ கிட் வேலை செய்யாமல் போனால் கோளாறு உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும். தாள் பாலத்தில் எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது.

தாளை அப்படியே வைத்தால் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். நீளவாக்கில் 1.5 செ.மீ. விசிறி மடிப்பாக மடித்தால் 14 பட்டைகள். பாலம் விறைத்து நிற்கும். தாள் அதேதான், உயரம்தான் கூடியிருக்கிறது. அடுத்த கேள்வியும் தானாக வரும்: "அப்போ 3 சென்டிமீட்டர் மடிச்சா?" மடிப்பின் சாய்வு மாறாவிட்டால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆனால் ஒவ்வொரு பட்டையும் இரண்டு மடங்கு அகலமாகிவிடுவதால், பாலம் வளைவதற்கு முன்பே பட்டை சுருங்கி நசுங்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஆசிரியர் பாடத்தையே கெடுத்துவிடுகிறார்.

பாலம் விழுந்ததும் பிள்ளைகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "உடைஞ்சிடுச்சு." உண்மையில் அது மூன்று விதமாக விழுகிறது. பாரம் ஏற ஏற விசிறி விரிந்து தட்டையாவது ஒன்று. இரு முனைகளிலும் அடிப்பக்கம் குறுக்காக டேப் ஒட்டினால் விரியாது. கோப்பைக்கு நேர்கீழே மடிப்பு முகடு நசுங்குவது இன்னொன்று. ஒரு சிறு அட்டையை இடையில் வைத்தால் பாரம் பரவும். மூன்றாவது, முனை வழுக்கி இடைவெளிக்குள் விழுவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் கேட்க வேண்டியது "ஏன் விழுந்தது?" அல்ல, "முதலில் எது நகர்ந்தது?" மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்து வைத்தால் சண்டை வராது.

டேப், அட்டை இரண்டையும் ஒரே சுற்றில் சேர்த்தால் பாரம் கூடும், எதனால் என்று தெரியாது. ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம்தான். விழுந்த தாளை நீவி மறுபடி பயன்படுத்தவும் கூடாது, பழைய மடிப்புத் தடத்தில் அது ஏற்கெனவே பலவீனம். குழுவுக்கு ஐந்து புதுத் தாள் தேவைப்படும்.

நட்டு போடுவதற்கு முன் வெற்றுப் பாலத்தின் நடுப்பகுதி மேசையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஸ்கேலில் அளந்து எழுத வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கீழ்ச்சட்டங்கள் வளைந்திருப்பதை அதற்கு முந்தைய வாரங்களிலேயே அளந்திருந்தார்கள். ஆனால் அது பொருத்தும்போதே இருந்த வளைவா, பாரம் ஏறி வந்ததா என்று வாதம் நடந்துகொண்டிருந்தது. "முதல்லயே தொங்கித்தான் இருந்துச்சு" என்று வகுப்பில் எழும் வாதமும் இதே வாதம்தான்.

அதிக நட்டு தாங்கியவருக்குப் பரிசு என்றால் பிள்ளைகள் தோல்வியை மறைப்பார்கள். எத்தனை தாங்கும் என்று முன்பே எழுதிய எண்ணுக்கு மிக நெருங்கி வந்தவருக்கு மதிப்பெண் கொடுப்பது மேல். (கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மடிக்காத தாளை வைத்து "0" என்று எழுதும். குறைந்தது 10 நட்டு என்ற விதியை முதலிலேயே போட்டுவிடுங்கள்.)

கடைசிச் சுற்றில் குழுக்கள் நோட்டை மாற்றிக்கொண்டு, அதில் உள்ளதை மட்டும் வைத்து அடுத்தவர் பாலத்தைக் கட்டட்டும். பல நோட்டுகளில் மடிப்பின் அளவு இருக்கும், டேப்பின் நீளம் இருக்கும், வண்ணப் படம்கூட இருக்கும். மடிப்பு நீளவாக்கிலா குறுக்கிலா என்பது இருக்காது. குறுக்கே மடித்த பாலத்தில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கீல்; வைத்த கையை எடுக்கும் முன்பே மடிந்து விழும்.