1.234 என்பது எந்த எண்?

புள்ளியை ஆயிரப் பிரிப்பானாகவும் காற்புள்ளியைத் தசமக் குறியாகவும் கொள்ளும் ஜெர்மன் வழக்கில் எழுதப்பட்ட 1.234,56 என்பதை, உரையை எண்ணாக மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறான பார்ஸ்ஃப்ளோட்டிடம் (parseFloat) கொடுத்தால், அது காற்புள்ளியைக் கண்டதும் நின்று, பிழை எதுவும் சொல்லாமல் 1.234 என்று திருப்பித் தருகிறது. ஆயிரத்தைத் தாண்டிய தொகை ஒன்றேகாலுக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே, பயனரின் மொழி அமைப்புக்குரிய குறிகளை எண்களை அந்தந்த மொழி வழக்கில் எழுதித் தரும் இன்ட்ல் நம்பர்ஃபார்மட்டின் (Intl.NumberFormat) ஃபார்மட்டூபார்ட்ஸ் (formatToParts) வழியாகப் பெற்று, ஆயிரப் பிரிப்பானை நீக்கி, தசமக் குறியைப் புள்ளியாக மாற்றிய பிறகே சரிபார்க்க வேண்டும். பிரெஞ்சு அமைப்பில் பிரிப்பானாக வருவது விசைப்பலகையில் தட்டும் சாதாரண இடைவெளி அன்று, யூனிகோடின் குறுகிய முறியா இடைவெளி என்பதால் (கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது), இரண்டையும் ஏற்பதே நியாயம். மும்மூன்று இலக்கங்களை மட்டும் எதிர்பார்க்கும் ரீஜெக்ஸ் (உரையின் வடிவத்தைச் சோதிக்கும் கோவை), இந்திய முறையிலான 12,34,567 என்பதைத் தவறென்று தள்ளிவிடும். மொழி அமைப்பு தெரியாத நிலையில் 1,234 வந்தால் ஊகிக்காமல், புரிந்துகொண்ட மதிப்பைப் பயனருக்கே காட்டி உறுதிசெய்துகொள்வது மேல்.