இனி நான் யாரைக் கேட்பது?

"கம்பெனிக்குச் சாவு கிடையாது என்கிறீர்கள், சரி. நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் நான் யாரைப் பிடித்துக் கேட்பது?"

பிரிட்டனில் ஒரு பென்ஷன் திட்டம்; அதன் பணத்தைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ளும் ட்ரஸ்டிகளாகத் தனி ஆட்களுக்குப் பதில் ஒரு கம்பெனியை வைப்பது என்று முடிவான ட்ரஸ்டிகள் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டார். லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர், திட்டத்தின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ட்ரஸ்டி. "உங்களைப் பொறுத்தவரை ஒன்றும் மாறாது. தனி ஆளாக இருந்தாலும் கம்பெனியாக இருந்தாலும் ட்ரஸ்டியின் கடமை ஒன்றுதான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னது சட்டப்படி சரி. திட்டத்தின் செயலாளராக அந்த மாற்றத்தை இன்றும் ஆதரிப்பேன். தனி ஆட்கள் ட்ரஸ்டியாக இருந்தால் ஒருவர் விலகும்போதெல்லாம் ஒரு பத்திரம், சொத்துகளில் பெயர் மாற்றம், வங்கிக்குப் புதுக் கையெழுத்து. 2022 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசுக் கடன்பத்திரங்களின் விலை சரிந்து, பிணையாக உடனே ரொக்கம் கட்டச் சொல்லி ஃபண்ட் மேனேஜர் கேட்டபோது, எங்கள் கையெழுத்துப் பக்கம் ஒருவர் மருத்துவமனையிலும் இன்னொருவர் வெளிநாட்டிலும் இருக்க, பாதி நிரம்பி நின்றது. கம்பெனி என்றால் டைரக்டர் மாறுவதைப் பதிவு செய்தால் போதும், சொத்து அதே பெயரில் கிடக்கும். தவறு நடந்தால் சொந்த வீட்டுக்கே ஆபத்து வருமோ என்று மற்ற ட்ரஸ்டிகளுக்கு இருந்த பயமும் நியாயமானதுதான்.

ஆனால் பெரியவர் கேட்டது கடமையைப் பற்றி அல்ல என்று அப்புறம் தோன்றியது. ட்ரஸ்டி கம்பெனியின் கடமை உறுப்பினர்களுக்கு. டைரக்டர்களின் கடமையோ அந்தக் கம்பெனிக்கு. உறுப்பினர் நேரடியாக டைரக்டர் மேல் வழக்குப் போடுவது சாதாரணமாக நடக்காது என்று ஆங்கிலேய நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது. பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் 1991-ல் இறந்த பிறகு, மிரர் குழுமம் உட்பட அவருடைய கம்பெனிகளின் பென்ஷன் பணத்தில் 40 கோடி பவுண்டுக்கு மேல் காணோம் என்று தெரிந்ததே, அங்கேயும் பெரும்பகுதி சொத்தை ட்ரஸ்டியாக வைத்திருந்தது ஒரு கம்பெனிதான், மேக்ஸ்வெலும் மகன்களும் டைரக்டர்கள். கையெழுத்துப் போட்ட டைரக்டர் ஒருவர் மேல் வழக்குப் போட்டு ஜெயித்ததும் பென்ஷன்காரர்கள் அல்ல, திவாலான அந்தக் கம்பெனியின் சார்பில், அதன் கணக்கை முடிக்க வந்த லிக்விடேட்டர்கள். பெரியவரின் தலைமுறைக்கு இதெல்லாம் பாடம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1995 பென்ஷன் சட்டம் வந்ததே அதனால்தான். ட்ரஸ்டிகளில், கம்பெனியானால் டைரக்டர்களில், மூன்றில் ஒரு பங்காவது உறுப்பினர்கள் அனுப்பியவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி அப்படி வந்ததுதான். நாங்கள் தேர்ந்தெடுத்ததோ முதலாளியோடு தொடர்பில்லாத தொழில்முறைக் கம்பெனி ஒன்று மட்டுமே ட்ரஸ்டியாக இருக்கும் முறை. அதற்கு அந்த விதி கட்டாயமில்லை. கூட்டத்துக்கு நான் தயாரித்த அறிக்கையில் இதை எழுதியிருந்தேன், பெரியவரும் படித்திருந்தார்.

பெரியவர் இல்லாத குறை எனக்கு உறைத்தது ஒரு மரணக் கோப்பில். வேலையில் இருக்கும்போது இறந்தவரின் மொத்தத் தொகை யாருக்கு என்று முடிவு செய்வது ட்ரஸ்டி. பணம் யாருக்கு என்று இறந்தவர் எழுதிக் கொடுத்திருந்த பழைய படிவத்தில் அக்காவின் பெயர், ஆனால் கடைசிக் காலத்தில் கூட இருந்தது வேறொரு பெண். முன்பானால் பெரியவர் "அந்த வீட்டை எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்திருப்பார். புதிய ட்ரஸ்டி வாடகை ஒப்பந்தம், மின்சார பில், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டது, இரண்டு பக்கத்துக்கும் எழுதியது, பணத்தைப் பிரித்துக் கொடுத்தது. காரணங்கள் தெளிவாகப் பதிவாகியிருந்தன. தெரிந்த வீடு என்பதே சில சமயம் ஒருபக்கச் சாய்வாகிவிடும், அதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெண் என்னிடம் போனில் கேட்டது, "இதை முடிவு செய்தவர் யார்?" கம்பெனியின் பெயரைச் சொன்னேன். ஆள் பெயர் வேண்டும் என்றார்.

நடுவழி ஒன்று உண்டு: ட்ரஸ்டி கம்பெனியாகவே இருக்கட்டும், டைரக்டர்களில் உறுப்பினர்கள் அனுப்பியவர்களும் இருக்கட்டும், கூடவே தொழில்முறை ஆள் ஒருவர். கையெழுத்துத் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும். எங்கள் அறிக்கையில் அது இரண்டு பத்தி. கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, பெரியவர் உட்பட. தேர்தலுக்கு நிற்க ஆள் கிடைக்காமல் திண்டாடியது எல்லோருக்கும் நினைவிருந்தது.

வேறொரு திட்டத்துக்கு இப்போது இதே அறிக்கையைத் தயாரிக்கிறேன். நடுவழியை முதலில் வைத்திருக்கிறேன். செலவுக் கணக்கைப் போட்டால் தொழில்முறைக் கம்பெனி மட்டுமே ட்ரஸ்டியாக இருக்கும் முறைதான் அங்கேயும் முந்துகிறது, தேர்தலுக்கு அங்கேயும் ஆள் இல்லை, வரிசையை மாற்றுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.