சத்ரியாவுக்கு ஒரு சுவிட்ச் பேனல்

பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) வார இறுதியானால் பழைய புரோட்டோன் கார்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காரும் எங்கள் கூட்டத்தில், சுவிட்ச் பேனல் என்ற பேச்சு எழுந்தவுடன் எல்லாரும் கேட்பது அதன் முகத்தைப் பற்றித்தான்: கார்பன் ஃபைபரா, அலுமினியமா, சிவப்பு மூடி உண்டா, இரவில் நீல விளக்கு எரியுமா. என் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காரில், மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி விற்கும் பழைய காரின் முன்பகுதி) எடுத்த டர்போ 4ஜி93 இயந்திரத்தை ஏற்றிய பிறகு, இக்னிஷன், ஸ்டார்ட்டர், பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர் விசிறி ஆகிய நான்கையும் ஒரே பலகைக்குக் கொண்டுவர நினைத்தபோது, முகத்தைப் பற்றிய யோசனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். பலகைக்குப் பின்னால் மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பது தீர்ந்தால்தான் முன்பக்கத்துக்கு வேலை இருக்கிறது.

அந்த வழியை எனக்குக் காட்டியவர், செம்பனை ஆலையில் ஒயர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற மாமா. கார் வயரிங்கில் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. ஆனால் என் வரைபடத்தைப் பார்த்ததும், "மோட்டார் கரண்ட்ட பட்டனுக்குக் கொண்டுவராத தம்பி, பட்டன் சொல்லட்டும், கான்டாக்டர் தூக்கட்டும்" என்றார். ஆலையில் பழங்களைப் பிழியும் பெரிய மோட்டார்களின் மின்னோட்டம் இயக்குபவர் அழுத்தும் பச்சைப் பொத்தானை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பொத்தான் ஒரு சிறு சுருளுக்கு மட்டும் உயிர் கொடுக்கிறது, பளுவை கான்டாக்டர் சுமக்கிறது. காரில் அந்த கான்டாக்டரின் தம்பிதான் ரிலே.

இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்லப்படுவதன்று. டர்போ இயந்திரத்துக்குப் போடும் பெரிய பம்ப் 12 ஆம்பியர் அளவில் இழுக்கும். டாங்க் பின்னால், பாட்டரி முன்னால் என்றால் வயரின் நீளம் 4 மீட்டராவது வரும். பழைய 0.85 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே இதை ஓட்டினால், போகும் வழியில் மட்டும் ஏறக்குறைய 1 வோல்ட் தொலைந்துபோகும், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வோல்ட் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுழலும், பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏறும் நேரத்தில் பெட்ரோல் போதாமல் கலவை மெலியும், பிஸ்டன்தான் விலை கொடுக்கும். இந்தச் சுற்றை டாஷ்போர்டு வரை இழுத்து, சுவிட்ச் வழியாகத் திருப்பி அனுப்பினால் நீளம் இன்னும் கூடும். ரிலே வைத்தால் பேனலுக்கு வருவது சுருளின் மின்னோட்டம் மட்டும், அது 0.15 ஆம்பியருக்குப் பக்கத்தில் இருக்கும், மெல்லிய வயரே தாராளம். சுவிட்சின் முதுகில் 20 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி வாதாடும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த எண் பெரும்பாலும் விளக்கு, ஹீட்டர் போன்ற பளுவுக்கு உரியது, நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அதன் ஓட்ட அளவைப்போல் பல மடங்கு.

ரிலேயில் 30 என்ற முனைக்கு ஃபியூஸ் வழியாகப் பாட்டரி வரும், 87 பளுவுக்குப் போகும், 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். இதுவரை எவரும் தவறுவதில்லை. சிக்கல், இயந்திரத்தை ஆளும் கணினியான ஈசியூவும் நம் சுவிட்சும் ஒரே ரிலேயை ஆளவேண்டிய இடத்தில் வருகிறது. விசிறிக்கு இரண்டும் பக்க இணைப்பில் இருக்கலாம்: ஈசியூ 85ஐ எர்த் செய்தாலும் ஓடும், செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு நான் சுவிட்சைத் தட்டினாலும் ஓடும். பம்புக்கு அப்படிச் செய்யவே கூடாது. இயந்திரம் சுழலும் சமிக்ஞை நின்றால் ஈசியூ பம்பை நிறுத்திவிடும்; கார் மோதி இயந்திரம் அணைந்த பின்பும் அறுந்த குழாயில் பெட்ரோல் பீய்ச்சாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே பம்ப் சுவிட்ச் ஈசியூவுடன் தொடர் இணைப்பில் நிற்கவேண்டும். அந்தச் சுவிட்சால் பம்பைத் தடுக்க முடியும், தானாக ஓடவைக்க முடியாது. மாமாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆலையில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் எந்த மோட்டாரும் தன்னால் கிளம்பாது, ஒருவர் வந்து மறுபடி பொத்தானை அழுத்தவேண்டும். இயந்திரத்துக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்துகொண்டிருப்பவருக்காக அந்த விதி.

ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு போட்டிருக்கிறேன், அதன் கோடு நேர்மின் பக்கம் இருக்கும்படி. சுருள் அணையும் கணத்தில் எழும் எதிர் வோல்ட் ஈசியூவின் டிரான்சிஸ்டரைத் தின்னாமல் காப்பது அது. ஜாலான் பாசாரில் சில காசுக்குக் கிடைக்கும் பொருளை விட்டுவிட்டு, நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து மூடி வாங்குவது எனக்குப் புரியாத கணக்கு.

மூடி என்றவுடன் அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்பு மூடியை மூடினால் சுவிட்ச் அணையும்படி அமைத்திருக்கிறார்கள். பம்புக்கு அதை மாட்டினால், வளைவில் கியர் மாற்றும் கை பட்டு மூடி விழுந்தவுடன் முழு பூஸ்டில் பெட்ரோல் நின்றுபோகும். பார்வைக்கு அழகு, வேலைக்கு ஆபத்து. என் பேனலில் மூடி இல்லை.

முகம் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. சுவிட்சுகளுக்கு 12 மில்லிமீட்டர் துளைகள், கையுறை போட்ட விரல் பக்கத்துச் சுவிட்சில் இடிக்காதபடி மையத்துக்கு மையம் 30 மில்லிமீட்டர். பெல்ட்டை இறுகக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கைநீட்டிப் பார்த்துத்தான் தகட்டின் இடத்தைக் குறித்தேன். வயர் முனைகளை ஈயம் வைத்து ஒட்டாமல் கிரிம்ப் செய்தேன் (உலோக முனையில் வைத்து நசுக்கிப் பிடிப்பது), ஏனென்றால் ஈயம் ஏறிய இழை அதிர்வில் முறியும். கறுப்பு பிவிசி டேப்பை வயர் கட்டில் சேர்க்கவேயில்லை. நம் வெயிலில் நிறுத்திய காருக்குள் அதன் பசை உருகிப் பிசுபிசுத்துவிடும், துணி டேப் நிற்கும்.

கடைசி வேலை, எல்லாவற்றையும் வெட்டும் முதன்மைச் சுவிட்ச். பாட்டரியை மட்டும் பிரிக்கும் சாதாரண வகை போதாது. ஓடும் இயந்திரத்துக்கு ஆல்டர்னேட்டரே மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும். ஆறு முனை கொண்டது இக்னிஷனையும் சேர்த்து வெட்டும், ஆல்டர்னேட்டரில் திடீரென ஏறும் வோல்ட்டை ஒரு மின்தடை வழியாக இறக்கிவிடும். உலக கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி அந்த இடத்தைக் காட்ட, வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் ஒட்டவேண்டும். அடிப்பக்கம் 12 சென்டிமீட்டராவது இருக்கவேண்டும். ஸ்டிக்கர் சுலபம். செப்பாங் பந்தயத் தடத்துக்குக் கிளம்புமுன் கார் ஐட்லிங்கில் இருக்கும்போது இந்தச் சுவிட்சைத் திருப்பிப் பாருங்கள். இயந்திரம் தொடர்ந்து ஓடினால் இக்னிஷன் முனைகள் இன்னும் சரியாகச் சேரவில்லை, காரை எடுக்காதீர்கள்.