குதி ஊன்ற வேண்டும்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பத்தா பேத்தியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பிள்ளைக்கு ஆறு வயது. குறைமாதப் பிரசவம், பெருமூளை வாதம். வலது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நுனிக்காலால்தான் நடக்கிறாள். "தம்பி, எம்பேத்தி குதி ஊன்டி நடக்கணும். அதுக்கு ஒரு செருப்பு செஞ்சு குடுங்க" என்றார் அப்பத்தா. மருத்துவர் சீட்டில் ஏ.எஃப்.ஓ. என்று எழுதியிருந்தது. முழங்காலுக்குக் கீழே தொடங்கி விரல் நுனி வரைக்கும் காலைப் பின்பக்கமாகத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கூடு அது. ஊரில் எல்லாவற்றுக்கும் காலிப்பர் என்றுதான் பெயர், பட்டறையில் நாங்கள் பிரேஸ் என்போம்.

அளவு எடுக்க மாவுக்கட்டுதான் போட வேண்டும். காலில் மெல்லிய பனியன் துணி உறை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களிலெல்லாம் காப்பியிங் பென்சிலால் வட்டம் போட்டேன். இரண்டு கணுக்கால் முட்டு, உள்பாதத்து எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து மேடு, முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே இருக்கும் சிறு எலும்பு. கட்டு இறுக ஆரம்பித்ததும், "மாமா, சுடுது" என்றாள். சுடத்தான் செய்யும். ஜிப்சத்தைச் சூடாக்கி அதிலுள்ள நீரை விரட்டினால் கிடைப்பதுதான் இந்த மாவு. நீரைத் திரும்பக் குடிக்கும்போது அந்தச் சூட்டை வெளியே விடுகிறது. "இட்லி வேகுற சூடுதான், இப்போ ஆறிடும்" என்றேன். சிரித்தாள்.

அந்தச் சில நிமிடங்கள் பாதத்தைச் செங்கோணத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளின் தசையை வேகமாக மடக்கினால் எதிர்த்து முறுக்கும். முழங்காலை மடக்கி வைத்து, மூச்சு விடுகிற வேகத்தில் மெதுவாக மேலே தள்ளினால் இணங்கி வரும். முழங்காலை நீட்டியும் பார்த்தேன். கஷ்டப்பட்டுத்தான், ஆனால் 90 டிகிரிக்கு வந்தது. வராமல் போயிருந்தால் பிரேஸ் செய்து பயனில்லை, கூட்டுக்குள்ளேயே குதி தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஜூன் 4, புதன்

கழற்றிய கட்டுக்குள் இரும்புக் கம்பியை நிறுத்தி மாவுக் கரைசல் ஊற்றினேன். இறுகியதும் மேல் கட்டை உரித்தால் உள்ளே பிள்ளையின் கால் அப்படியே வெள்ளையாக நிற்கிறது, அதுதான் மோல்டு. நேற்று போட்ட வட்டங்கள் ஈரத்தில் ஊதாவாக மாறி மோல்டில் இறங்கியிருந்தன. பல வருடமாகப் பார்க்கிறேன், அந்த ஊதா வட்டங்களைப் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் இன்னும் வருகிறது.

அப்புறம் செதுக்கல். இந்தத் தொழிலில் பிளாஸ்டிக்கை வளைப்பதுதான் பெரிய வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பிளாஸ்டிக் எந்த மோல்டின் மேல் போட்டாலும் வளையும். அது எப்படி வளைய வேண்டும் என்பது இங்கே, மாவில், அரத்தாலும் கத்தியாலும் முடிவாகிவிடுகிறது. கணுக்கால் முட்டு மேல் தோலைத் தவிர சதை கிடையாது. அங்கே மோல்டில் நாலு மில்லிமீட்டர் மாவு ஏற்றினேன். ஏற்றிய அளவு பிளாஸ்டிக்குக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும். குதிக்கு மேலே, குதிகால் தசைநாணின் இரண்டு பக்கமும் கொஞ்சம் இழைத்தேன். அங்கே இறுக்கிப் பிடித்தால்தான் குதி மேலே நழுவாது. ஒரு மில்லிமீட்டர் அதிகம் இழைத்தால் புண், குறைவாக இழைத்தால் பிடிப்பே இருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தது, ஆறு மணி ஆகிவிட்டது.

ஜூன் 5, வியாழன்

மோல்டு காய்கிறது. வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பி விட்டேன். ஈர மோல்டின் மேல் சூடான பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டால் நீராவி கிளம்பிக் கொப்புளம் கொப்புளமாக வந்துவிடும்.

ஜூன் 6, வெள்ளி

இன்று ஷீட் வீணாகிவிட்டது.

பாலிப்ரொப்பிலீன், சின்னப் பிள்ளை என்பதால் 3 மி.மீ. கனம். ஓவனை 190 டிகிரியில் வைத்திருந்தேன். உள்ளே போகும்போது ஷீட் பால் வெள்ளையாக இருக்கும். இதற்குள் படிகமாக அடுக்கியிருக்கும் பகுதிகள்தான் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டுகின்றன. 160 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே அவை உருகிவிடும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஷீட் தெளிந்துகொண்டே வந்து, கடைசியில் நடுவில் ஒரு ரூபாய் அளவு வெள்ளை மிஞ்சி, அதுவும் மறைந்து முழுக்கக் கண்ணாடியாகிவிடும். கடிகாரத்தை நான் நம்புவதில்லை, அந்தக் கடைசி வெள்ளைப் புள்ளியைத்தான் பார்ப்பேன்.

தெளிந்ததும் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஈரச் சப்பாத்தி மாவு மாதிரி தொங்கும். மோல்டின் பின்பக்கத்தில் போர்த்தி, முன்பக்கம் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கிள்ளினால் சூட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். உடனே வேக்குவம் பம்ப். மோல்டுக்கு மாட்டியிருக்கும் துணி உறை வழியாகக் காற்று உறிஞ்சப்பட, வெளிக்காற்றின் அழுத்தம் ஷீட்டை ஒவ்வொரு குழிக்குள்ளும் அழுத்தும்.

எல்லாம் சரியாகப் போனது. பம்ப் ஓட ஆரம்பித்து அரை நிமிடத்தில் மின்சாரம் நின்றது. உதவிக்கு இருக்கும் தம்பி கிரேப் பேண்டேஜை எடுத்துச் சுற்ற ஓடினான். அதற்குள் உள்பாதத்து வளைவில் ஷீட் விலகி, கணுக்காலில் மடிப்பு விழுந்துவிட்டது. திரும்பச் சூடாக்கி அதே ஷீட்டை இழுத்திருக்கலாம். ஆனால் ஒரு முறை இழுபட்ட இடம் ஏற்கெனவே மெலிந்திருக்கும், இரண்டாவது முறை இன்னும் மெலியும். பிரேஸ் முறிவது எப்போதும் கணுக்காலில்தான். பிள்ளை பள்ளிக்கூடத்துப் படியில் நிற்கும்போது முறிந்தால்? வெட்டி ஓரமாகப் போட்டேன். மோல்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் ஆறுதல்.

ஜூன் 7, சனி

காலை ஏழு மணிக்கே வந்து, பக்கத்துக் கடையிலிருந்து இன்வெர்ட்டர் இணைப்பு இரவல் வாங்கிப் பம்ப்பை அதில் மாட்டினோம். புது ஷீட். நன்றாக வந்தது. உள்பாதத்து வளைவில் பனியன் துணியின் பின்னல் கூட ஷீட்டில் பதிந்திருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

பட்டறை விடுமுறை. பிரேஸ் மோல்டிலேயே இருக்கிறது. தொட்டால் ஆறியது போலத் தெரியும். உள்ளே படிகங்கள் மெதுவாகத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கும், ஷீட் சுருங்கிக்கொண்டிருக்கும். சீக்கிரம் கழற்றினால் வாய் விரிந்தோ முறுக்கிக்கொண்டோ போய்விடும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டரை இன்று நினைத்துக்கொண்டேன். அவர் காலத்தில் வந்ததெல்லாம் போலியோ கால்கள். இரும்புப் பட்டை, தோல் வார், பூட்ஸ். அந்தக் காலிப்பரோடு ஒரு பிள்ளை வராந்தாவில் வந்தால் சத்தத்தை வைத்தே யார் என்று சொல்வாராம். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்டது மேற்கு வங்கம் ஹவுராவில் ஒரு குழந்தை, 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் இங்கே போலியோ ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. ஜெய்ப்பூரில் செயற்கைக் கால் செய்பவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி, காலுறை மாட்டுவது போல மோல்டின் மேல் இழுத்து மாட்டுவார்கள் என்று முதலில் சொன்னதும் அவர்தான். நமக்குக் கிடைக்கிற பொருளில் ஒரு மனிதன் நடந்துவிட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஜூன் 9, திங்கள்

ஆஸிலேட்டிங் ரம்பத்தால், அதாவது சுழலாமல் அதிர்ந்தே அறுக்கும் ரம்பத்தால், வெட்டினேன். முன்பக்கத்து ஒட்டுத் தையல் முழுக்க வெளியே போய்விடும். வெட்டுக்கோடு கணுக்கால் முட்டுக்கு முன்னால் வந்தால் பிரேஸ் விறைப்பாக நிற்கும், பின்னால் போனால் வில் மாதிரி வளையும். இவளுக்கு இறுக்கம் அதிகம், முன்னாலேயே விட்டேன். மேல் விளிம்பு, முழங்காலுக்கு வெளிப்புறம் வட்டம் போட்ட அந்தச் சிறு எலும்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. அந்த எலும்பைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது, அதை அழுத்தக் கூடாது. ஓரமெல்லாம் பஃப் செய்து, என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். அடியில் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற செருப்பு ரப்பர் ஒட்டினேன். நம் வீடுகளில் ஷூ போட்டுக்கொண்டு யார் நடக்கிறார்கள்? சிமெண்டுத் தரையில் வெறும் பிளாஸ்டிக் வழுக்கும்.

ஜூன் 11, புதன்

மாட்டிப் பார்க்க வந்தார்கள். பார்வைக்குக் கச்சிதமாக இருந்தது. ஆனாலும் குதி உட்காருகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. பிள்ளையின் வெறுங்குதியில் கண்மை தடவி, மாட்டி, நிற்க வைத்துக் கழற்றினேன். உள்ளே ஒரு கறையும் இல்லை. அப்பத்தாவின் முகம் விழுந்துவிட்டது.

கணுக்கால் வாரைக் கழற்றி, குதியைப் பின்னோக்கிக் கீழே இழுக்கும்படி இன்னும் சாய்வாக ரிவெட் அடித்தேன். இந்த முறை முழங்காலை மடக்கிக் குதியை ஆழமாக உட்கார வைத்து, அப்புறம் வாரை இழுத்தேன். நின்றாள். நாலடி நடந்தாள். கழற்றினால் வெள்ளைப் பிளாஸ்டிக்கின் அடியில் முட்டை வடிவத்தில் கறுப்பாகக் குதியின் தடம். அப்பத்தா விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் போட்டுக் கழற்றியதில் உள்கணுக்காலில் சிவப்பு. இருபது நிமிடத்தில் மறையவில்லை. ஹீட் கன்னால் அந்த இடத்தை மட்டும் இளக்கி, வெளிப்பக்கம் கொஞ்சம் தள்ளினேன். முதல் நாள் ஒரு மணி நேரம், தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகச் சொன்னேன். உள்ளே பருத்திக் காலுறை கட்டாயம்.

ஜூன் 18, புதன்

தோலில் தடம் எதுவும் இல்லை. நாளுக்கு ஆறு மணி நேரம் போடுகிறாளாம். ஷூ மட்டும் ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும், அதையும் சொல்லிவிட்டேன்.

"அடுத்த வருசம் கால் வளந்துருமே, அப்ப என்ன தம்பி செய்ய?" என்று கேட்டார் அப்பத்தா. புது மாவுக்கட்டு, புது மோல்டுதான். கம்பியை உருவுவதற்காக மோல்டை வழக்கமாக உடைத்துவிடுவோம். இதை உடைக்கவில்லை. காப்பியிங் பென்சிலால் தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன், அடுத்த வருடத்து மோல்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்க்க.