விலகி ஓட முடியாதவர்களும் வலி ஆயுதங்களும்

துப்பாக்கியால் சுடுவதைவிட, காயம் ஏற்படுத்தாமல் வலியை மட்டும் கொடுத்து ஒருவரை விரட்டிவிடுவது மேல் என்ற வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். செத்துப் போவதற்கும், சில நொடிகள் துடித்துவிட்டு வீடு திரும்புவதற்கும் உள்ள வேறுபாடு அற்பமானதன்று. ஆனால் அந்த வாதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: வலிக்கிறவரால் விலகிப் போக முடிய வேண்டும், விலகியவுடன் வலியும் நின்றுவிட வேண்டும். அந்த நிபந்தனை நிறைவேறாதபோது இவ்வகை ஆயுதம் என்னவாகிறது என்பதுதான் என் கவலை.

அமெரிக்க ராணுவம் 2001-ஆம் ஆண்டு வெளியுலகுக்கு அறிவித்த ஆக்டிவ் டினையல் சிஸ்டம் என்ற, கூட்டத்தை விரட்டும் அலைக்கற்றை ஆயுதத்தை எடுத்துக்கொள்வோம். வண்டியின் மேல் பொருத்திய பெரிய ஆன்டெனாவிலிருந்து 95 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓர் அலைக்கற்றை பாய்கிறது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் அலை உணவுக்குள் சென்டிமீட்டர் கணக்கில் ஊடுருவும்; இதுவோ தோலுக்குள் அரை மில்லிமீட்டர்கூடப் போவதில்லை. வலியை உணரும் நரம்பு முனைகள் அந்த மெல்லிய அடுக்கிலேயே இருப்பதால், தோல் வெந்து போவதற்கு முன்பே எரிச்சல் தாங்காமல் உடம்பு தானாக விலகிவிடும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. தன்னார்வலர்கள் மீது பத்தாயிரம் முறைக்கும் மேல் பாய்ச்சிப் பார்த்ததில், கொப்புளம் கண்டவர்கள் மிகச் சிலரே.

ஆனால் அந்தச் சோதனைகள் எப்படி நடந்தன என்பதையும் பார்க்க வேண்டும். நியூ மெக்சிகோவின் கிர்ட்லாண்டு விமானப்படைத் தளத்தில் கலகக்காரர்களாக நடித்தவர்களில் ஒரு சாரார் மூக்குக் கண்ணாடியையும் காண்டாக்ட் லென்ஸையும் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் வெப்பம் குவிந்துவிடக் கூடாதென்று, வேறு சோதனைகளில் நாணயங்களையும் சாவிகளையும்கூட எடுத்து வைக்கச் சொன்னார்கள். அலை பட்டவர் கையைத் தூக்கினால், ஆற்றிக்கொள்ள 15 நொடி அவகாசம் கிடைத்தது. தெருவில் நடக்கும் போராட்டத்தில் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை. நெரிசலின் நடுவே சிக்கியவருக்கும், கீழே விழுந்தவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் விலகுவதற்கு இடமும் இல்லை, வலுவும் இல்லை. இத்தனை மேற்பார்வை இருந்தும், 2007 ஏப்ரலில் நடந்த ஒரு சோதனையில் அளவு மிஞ்சிப்போய், விமானப்படை வீரர் ஒருவரின் இரண்டு கால்களிலும் இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட்டு, அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

இந்தக் கருவியை 2010-இல் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பிவிட்டு, ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ஷெரிஃப் துறை, ஜாய்ஸ்டிக்கால் இயக்கக்கூடிய இதன் சிறு வடிவத்தைக் கொண்டு பிட்செஸ் சிறையில் கைதிகளின் கைகலப்பை அடக்கப் போவதாக அறிவித்தது. போர்க்களத்தில் தயங்கியதைச் சிறைக்குள் துணிந்தார்கள். விலகி ஓடுவதை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆயுதத்தை, ஓடிப் போகவே வழியில்லாத இடத்தில் பொருத்துவதை அடக்குமுறை என்பதா, தண்டனை என்பதா? மனித உரிமை அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்ததில் வியப்பில்லை.

மின்னதிர்ச்சி கொடுக்கும் கைக்கருவியான டேசரும் இதே சிக்கலுக்குள் வருகிறது. இரண்டு ஊசிகளைச் சற்றுத் தொலைவிலிருந்து எய்யும்போது அது தசைகளையே முடக்கிவிடும். கருவியை நேராக உடம்பில் வைத்து அழுத்தினாலோ பெரும்பாலும் வலி மட்டும்தான் மிஞ்சும். நார்த் கரோலினாவின் பைன்ஹர்ஸ்டில் மனநோயாளி ஒருவர், மருத்துவமனைக்கு வர மறுத்து, சாலையோரக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். காவலர்கள் சுமார் இரண்டு நிமிடங்களில் ஐந்து முறை டேசரை அவர் உடம்பில் வைத்து அழுத்தினார்கள். அவர் பிடியை விடவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டார். வலி என்பது பேரம் பேசும் ஒரு முறை என்றால், எதிரே இருப்பவருக்கு அந்தப் பேரம் புரிய வேண்டுமல்லவா? அவரைப் பிடித்திழுத்துக் கைவிலங்கு இட்ட சற்று நேரத்தில் அவர் இறந்து போனார். அது அளவு மீறிய வன்முறைதான் என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சம்பவம் நடந்தபோது சட்டம் அவ்வளவு தெளிவாக இல்லை என்று சொல்லிக் காவலர்களைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது.

நம் ஊர் லத்தி முதுகில் தடம் பதிக்கும். நீதிபதியிடம் சட்டையைக் கழற்றிக் காட்டலாம். (லத்தியை நான் நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.) அலைக்கற்றை பட்டவரிடம் காட்ட என்ன இருக்கிறது? தடம் பதிக்காத தன்மையை மனிதநேயம் என்கிறார்கள். துன்பப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சாட்சியத்தை அழிப்பதாகவும் இருக்கிறது. டேசராவது விசையை அழுத்திய ஒவ்வொரு முறையையும் நேரத்தோடு தன் நினைவகத்தில் பதிந்துகொள்கிறது. அதுபோன்ற பதிவும், குறிப்பிட்ட நொடிக்கு மேல் தானாக நின்றுவிடும் தடையும், அந்தப் பதிவைக் காவல் துறையின் கையிலிருந்து எடுத்து நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் சட்டமும் இல்லாதவரை, இத்தகைய கருவியை எந்தக் கூட்டத்தின் முன்னும் நிறுத்தக் கூடாது என்பேன்.

துப்பாக்கிக்கு மாற்று என்ற வாதத்திலேயே எனக்கு இன்னொரு ஐயம் உண்டு. 2020 ஜூன் 1 அன்று, வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லாஃபயெட் சதுக்கத்தில் போராட்டக்காரர்கள் கூடியிருந்த நேரத்தில், இந்த அலைக்கற்றைக் கருவி கிடைக்குமா என்று ராணுவக் காவல் அதிகாரி ஒருவர் விசாரித்ததாக, பின்னர் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் ஒரு தேசியக் காவல் படை அதிகாரி எழுத்து மூலம் தெரிவித்தார். கருவி கைவசம் இல்லை என்ற பதிலே போனது. அந்தக் கூட்டத்தைத் துப்பாக்கியால் சுடக் காவல் படையினர் திட்டமிட்டிருந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் அன்று அந்தக் கருவி வந்திருந்தால், அது துப்பாக்கிக் குண்டின் இடத்தை எடுத்துக்கொண்டிருக்காது. பேச்சுவார்த்தையின் இடத்தையோ, சற்றுக் காத்திருப்பதன் இடத்தையோதான் எடுத்துக்கொண்டிருக்கும்.